டாஷ்போர்ட் கச்சேரி

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களின் ஆயுளைக் கூட்டிய அரசுக்கு நன்றி. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் குடித்தே ஓடிய வம்சம். டாஷ்போர்ட் கிறீச்சிட்டால் அஞ்சுமா? காய்ந்த மீற்றர் கேபிள் சுருதி சேர்க்கும், கிளவ் பொக்ஸ் மூடி தாளம் போடும். சிகரெட் பெட்டி அட்டையை மடித்துச் செருகினால் ஒரு சத்தம் அடங்கும். அதன் பின்னால் காத்திருந்த அடுத்தது அரங்கேறும்.

"அண்ணை, சத்தம் எங்கையிருந்து வருது?"

"வராட்டித்தான் யோசிக்கோணும் தம்பி."

கராஜில் இதற்குமேல் விஞ்ஞானம் எதற்கு?

2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கிப் புதுக் கார்கள் வந்தன. சத்தமே இல்லை. பயந்துபோய் ஒருவர் கராஜுக்குக் கொண்டுவந்தார். கிளவ் பொக்ஸுக்குள் ஒரு பிடி புளியங்கொட்டை போட்டார்கள். இப்போது நிம்மதியாக ஓடுகிறார். கூலிதான் கொஞ்சம் கூட.