பெரம்பலூர்க் குளிருக்கு ஒரு கணப்பு

வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வந்து, வேப்பந்தட்டைப் பக்கமோ செந்துறைப் பக்கமோ வீடு கட்டத் தொடங்கியிருக்கும் தம்பிமார்களுக்கு இந்த யோசனைகள். கூடத்துச் சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே விறகு எரிய வேண்டும், எதிரே சோபாவில் நீங்கள். ஆசையில் தப்பில்லை. முறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அளவு. 10 சதுர மீட்டர் தரைக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் வெப்பம் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, சமையல் இடமும் சேர்த்து, 25 சதுர மீட்டர். அதற்கு இரண்டரை கிலோவாட் போதும். கடையில் பெட்டிகள் பெரும்பாலும் நாலைந்து கிலோவாட்டில்தான் தொடங்கும். கவலைப்படாதீர்கள். சித்திரை உச்சிவெயில் சதுர மீட்டருக்கு 1 கிலோவாட் அளவுக்கு இறங்குகிறது. உங்கள் 25 சதுர மீட்டர் தளத்துக்கு 25 கிலோவாட். பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அதை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும் மொட்டைமாடி. விறகுச் செலவில்லை, கரண்டு பில் மட்டும் ஃபேனுக்கு. மார்கழிக்குத்தான் கணப்பு என்பீர்களானால், நம் பக்கத்து மார்கழி ராத்திரி 20 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். அதற்குப் போர்வை போதும், புகைபோக்கியும் வேண்டாம். பச்சைமலையில் இருப்பவர்கள் இரண்டாகப் போர்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது விறகு. இதில் பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களையும் யாரும் குறை சொல்ல முடியாது. பருத்தி எடுத்து முடித்ததும் பிடுங்கிக் கட்டி வைக்கிற பருத்திமார் இருக்கிறது. தீக்குச்சி காட்டினால் பற்றும், நிமிர்ந்து பார்ப்பதற்குள் சாம்பலாகிவிடும். பக்கத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்து திணித்துக்கொண்டிருக்க வேண்டும். முத்து உதிர்த்த மக்காச்சோளக் கட்டையும் அந்த ஜாதிதான், கொஞ்சம் நின்று எரியும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டைத் தோடு கிடைக்கும். அதில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், கரும்புகை எழும்பும். கண்ணாடிக் கதவு கறுத்துப்போய், உள்ளே தீ எரிகிறதா என்பதே தெரியாது. எல்லாவற்றிலும் நம்பகமானது சீமைக்கருவேலம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த முள். வெட்டச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டும் குறையாத கையிருப்பு. நின்று எரியும், நல்ல கங்கு விழும்.

ஈரம் பார்த்து வாங்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 முதல், சில்லறையாக விற்கிற விறகில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் காய்ந்த மரம்தான் வேண்டுமென்றால் சாத்தனூர் போகலாம். அங்கே கிடக்கிற அடிமரம் 18 மீட்டர் நீளம், காய ஆரம்பித்து ஏறத்தாழ 12 கோடி வருஷம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கல்லாகிவிட்டதால் பற்றாது என்பது ஒரு குறை. சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

விறகின் நீளம்தான் இந்தப் பெட்டிகளில் பெரிய பிரச்சினை. ஓர் அடிக்கு மேல் போனால் பல பெட்டிகளில் கதவு சாத்தாது. நம் அடுப்பில் ஆளுயரக் கொம்பையே நுனியில் பற்றவைத்து, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போகலாம். தீ அதிகமானால் வெளியே இழுத்துக்கொள்ளலாம். சீமைக்கருவேல முள்ளைக் கழித்து, அடிக்கு அடி துண்டு போடக் கூலிக்கு ஆள் தேடிப் பாருங்கள், கணப்பின் உண்மை விலை அப்போது தெரியும்.

புகைபோக்கி விஷயத்தில் நமக்கு அரசாங்க அனுபவமே உண்டு. 1983இல் மத்திய அரசு புகை குறைந்த அடுப்புத் திட்டம் தொடங்கி, 2002க்குள் நாடு முழுக்க 3 கோடிக்கு மேல் அடுப்பு போட்டுக்கொடுத்தது. அதில் ஏராளமானவை கொஞ்ச காலத்திலேயே கைவிடப்பட்டன. அடுப்பு விரிசல் விட்டது, குழாயில் கரி அடைத்தது, அதை யார் ஏறித் தட்டுவது என்பதற்குத் திட்டத்தில் பதில் இல்லை. கான்கிரீட் தளத்தை நீங்களாகவே துளைப்பதற்குமுன், ஐப்பசி மழை அந்த ஓட்டை வழியாக உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிற கொத்தனாரைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிவான பிறகு பெட்டியின் படத்தை அம்மாவிடம் காட்டுவீர்கள். அம்மா ஃபோனைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "எல்லாம் சரி தம்பி, பானைய எங்கடா வைக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பெட்டிக் கம்பெனிகள் தயாராக இல்லை. பானை வைக்கிற மாதிரி வேண்டுமென்றால் கொல்லையில் கொடியடுப்பு இருக்கிறது. ஒரே வாயில் விறகு. பெரிய அடுப்பில் சோறு கொதிக்க, மிஞ்சின அனல் பக்கத்துக் குழிக்குப் போய்க் குழம்பைச் சூடாக வைத்திருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது குமிழைத்தான். பானையைத் தாங்குகிற அந்த மூன்று மண் மேடும் தாழ்ந்திருந்தால் தீ மூச்சுத் திணறிப் புகையைக் கக்கும். உயர்ந்திருந்தால் சூடு பானைக்கு எட்டாமல் காற்றோடு போகும். பானையின் அடியில் மண் குழைத்துப் பூசி ஏற்றினால் கரி, தேய்க்கும்போது மண்ணோடு கழன்று வரும். உதிரிபாகம் களிமண், எந்த ஏரியிலும் கிடைக்கும்.

இலவச காஸ் அடுப்பு வந்தது, 2016இல் உஜ்வலா வந்தது. அப்படியும் கொல்லை அடுப்பு போகவில்லை. சிலிண்டர் சோற்றுக்கு, விறகு வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் என்று வீட்டுப் பெண்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாதென்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சிலிண்டர் விலையும் தெரியும்.

ஆகவே முன்பணம் கட்டுவதற்குமுன் சோதனை ஓட்டம் அவசியம். ஐப்பசி மழையில் நனைந்த பருத்திமார் ஒரு கட்டு, ஊதாங்குழல் ஒன்று, 20 லிட்டர் அண்டா. விடிகாலையில் நீங்களே உட்கார்ந்து ஊதி, வீட்டில் எல்லாரும் குளிக்க வெந்நீர் போட்டுக்கொடுங்கள். அதற்குப் பிறகும் கணப்பின் மேல் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தில் கூரைக்கு சோலார் வெந்நீர்த் தொட்டி போடுங்கள். 25 கிலோவாட் அங்கே சும்மாதான் காய்ந்துகொண்டிருக்கிறது.