திறமையும் பசியும்

கே: அலுவலகப் பயிற்சி வகுப்பில் மாஸ்லோவின் பிரமிடைக் காட்டினார்கள். சோறு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு எல்லாம் கிடைத்த பிறகுதான் உச்சியில் இருக்கும் சுயநிறைவுக்குப் போக முடியுமாம். எனக்கு வீட்டுக் கடனே இன்னும் 18 வருடம் பாக்கி. அதுவரை காத்திருக்க வேண்டுமா?
(வங்கி ஊழியர், கரூர்)

ப: வேண்டாம். மாஸ்லோவே காத்திருக்கச் சொல்லவில்லை. 1943-ல் ஆப்ரகாம் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. முக்கோணம் போட்டுப் படி பிரித்தவர்கள் பின்னால் வந்த நிர்வாக ஆலோசகர்கள். ஒரு தேவை நூறு சதவீதம் தீர்ந்தால்தான் அடுத்தது தலைகாட்டும் என்று நினைப்பது தவறு என அவர் அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். புரிய வைப்பதற்காக ஓர் உத்தேசக் கணக்கும் போட்டார்: சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, சுயநிறைவு 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம். இவை எல்லாம் ஒரே ஆளுக்குள், ஒரே நேரத்தில். கடனும் நடக்கட்டும். அந்தப் பத்து சதவீதத்தை இன்று சாயங்காலமே ஆரம்பியுங்கள்.

கே: அப்படியென்றால் வறுமை திறமையைத் தடுக்காது என்கிறீர்களா? எங்கள் ஊர் ராமானுஜன் பட்டினியோடுதானே கணக்குப் போட்டார்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ப: பட்டினியோடு போட்டார், பட்டினியால் போடவில்லை. கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்று, கல்லூரி உதவித்தொகை பறிபோய், காகிதச் செலவுக்குப் பயந்து சிலேட்டில் எழுதி எழுதி அழித்த காலம் அது. அப்போதும் கணிதம் நிற்கவில்லை. வயிறு நிறைந்த பிறகுதான் மனம் வேலை செய்யும் என்பவர்களுக்கு அது போதுமான பதில். வறுமையைக் கொண்டாடுகிறவர்களுக்கும் அவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். 1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போட்ட கடிதத்தில், தான் அரைப்பட்டினியில் இருப்பதையும், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் சாப்பாடு வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்.

மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கிய ராமச்சந்திர ராவ், 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை தந்த சென்னைத் துறைமுகம், 75 ரூபாய் உதவித்தொகை தந்த சென்னைப் பல்கலைக்கழகம்: இந்த மூன்றும் இல்லாவிட்டால் அவர் கேம்பிரிட்ஜ் வரை போயிருப்பாரா? வறுமைதான் மேதைகளை உருவாக்குகிறது என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. தப்பித்து வந்தவரின் பெயர்தான் நமக்குத் தெரியும். தப்பிக்காதவர்கள் எத்தனை பேரோ!

கே: நாம் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

ப: சுத்தப் பொய். தூக்கத்தில்கூட மூளை ஓய்ந்து கிடப்பதில்லை. ஒரு சின்னப் பகுதி பழுதானாலே பேச்சு போகிறது, கை விழுகிறது. மிச்சம் தொண்ணூறை எழுப்பித் தருகிறோம் என்று யாராவது கட்டணம் கேட்டால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் ஆறு வயது மகள் அழகாகப் படம் வரைகிறாள். உற்சாகப்படுத்த, படத்துக்கு ஒரு சாக்லேட் தருகிறேன். சரிதானே?
(ஓர் அம்மா, திருச்சி)

ப: அன்பு சரி, ஒப்பந்தம் வேண்டாம். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு நர்சரிப் பள்ளியில் செய்த ஆய்வை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை.

கொஞ்ச நாள் போனது. பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களின் ஆசை குறையவே இல்லை. கெடுத்தது சான்றிதழ் அல்ல, "இதைச் செய்தால் அது" என்கிற பேரம். விளையாட்டாக இருந்தது அதற்குள் வேலையாகிவிட்டது.

சாக்லேட்டை அதன் போக்கில் கொடுங்கள். படம் வரைந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆட்டுக்கு ஏன்டா செல்லம் ஊதா கலர்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் காரணத்தைக் கடைசி வரை கேளுங்கள்.

கே: பையனுக்கு ஐ.க்யூ. சோதனை செய்தோம். சராசரி என்று வந்தது. மனசு உடைந்துவிட்டது.
(ஒரு தந்தை, கோவை)

ப: உடைய வேண்டாம். 1921-ல் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் அதிபுத்திசாலிக் குழந்தைகளைத் தேர்வு வைத்துப் பொறுக்க ஆரம்பித்தார். 1,500 பேருக்கு மேல் தேறினார்கள். மதிப்பெண் போதாது என்று விடப்பட்டவர்களில் இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வாரெஸ். ஒருவர் 1956-லும் மற்றவர் 1968-லும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். தேறிய 1,500 பேரில் ஒருவருக்கும் அந்தப் பரிசு வரவில்லை. அந்தத் தாளை உள்ளே வைத்துவிட்டு, பையன் எதில் இறங்கினால் சாப்பாட்டை மறக்கிறான் என்று பாருங்கள்.

கே: நல்ல யோசனையெல்லாம் குளிக்கும்போதுதான் வருகிறது. மேஜையில் உட்கார்ந்தால் வருவதில்லை. மேஜையை விட்டுவிடலாமா?
(விளம்பரத் துறை இளைஞர், சென்னை)

ப: விட்டால் குளியலறையிலும் வராது. பிரெஞ்சுக் கணித மேதை புவான்கரேவுக்கு ஒரு முக்கியமான விடை, குதிரை வண்டியின் படியில் கால் வைத்த நொடியில் வந்தது. அதற்கு முன் நாள்கணக்காக மேஜையில் மல்லாடியிருந்தார். வந்த விடையை ஊர் திரும்பி, மறுபடி மேஜையில் உட்கார்ந்துதான் சரிபார்த்தார்.

கே: எனக்கு 56 வயது. குழந்தைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஓவியம் கற்றுக்கொள்ள ஆசை. "இந்த வயசில் எதுக்கு?" என்கிறார் வீட்டுக்காரர்.
(இல்லத்தரசி, மதுரை)

ப: அமெரிக்காவில் 'பாட்டி மோசஸ்' என்று ஒருவர் இருந்தார். பண்ணைவீட்டு மனுஷி, பத்துப் பிள்ளை பெற்றவர். மூட்டுவலி வந்து ஊசி பிடித்துத் துணியில் படம் தைக்க முடியாமல் போனதால், எழுபதைத் தாண்டிய வயதில் தூரிகையைப் பிடித்தார். 1938-ல் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் இருந்த அவர் படங்கள் ஒரு சேகரிப்பாளர் கண்ணில் பட்டன. 1940-ல், எண்பது வயதில், நியூயார்க்கில் தனிக் கண்காட்சி. 1961-ல் மறையும்போது வயது 101. அவர் கணக்குப்படி உங்களுக்கு இன்னும் இருபது வருடம் முன்கூட்டியே விடிந்திருக்கிறது. உடனே பெயின்ட் வாங்குங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், பையைத் தூக்கட்டும்.

கே: கடைசி பெஞ்ச் மாணவர்களுக்கு எதிலுமே ஆர்வம் இல்லை. என்ன செய்தும் பயனில்லை. அவர்களிடம் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடலாமா?
(அரசுப் பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

ப: தயவுசெய்து வேண்டாம். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சிறுவயதில் பார்த்த ஒன்றைச் சொல்வார். குளிர்காலத்துக்காக வீட்டின் அடித்தளத்தில் உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருப்பார்கள். மண்ணும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, எட்டாத உயரத்தில் சின்ன ஜன்னல். அந்தக் கிழங்குகளும் முளைவிடும்: வெளிறிப்போய், சோகையாய், இரண்டு மூன்று அடி நீளத்துக்கு அந்த வெளிச்சத்தை நோக்கியே நீளும். மனநல மருத்துவமனையின் பின்கட்டு வார்டுகளில் நோயாளிகளோடு பேசும்போதெல்லாம் அவருக்கு அந்த முளைகள்தான் நினைவுக்கு வந்தன.

உங்கள் கடைசி பெஞ்சின் சேட்டையும் மௌனமும் எதை நோக்கி நீள்கின்றன என்று பாருங்கள். நாளைக்கு ஒரே ஒரு பையனிடம், பாடத்தைத் தொடாமல், அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றிக் கேளுங்கள்: பைக் ரிப்பேரோ, ஆடு மேய்ப்போ, பட்டாசுக் கட்டோ. குறுக்கிடாமல், திருத்தாமல் கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், சார்.