வாழைமர நோட்டும் வீட்டு நிபுணரும்

ஜப்பான் காலத்து மலாயா நோட்டுகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். யாரும் நோட்டைக் கையில் கொடுக்காதவரை.

பெரியம்மா தகரப்பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் போட்டு, "ஏதாவது தேறுமா பாருப்பா" என்றார். எல்லாம் பத்து டாலர். முன்னால் குலை தள்ளிய வாழை, பின்னால் கடலில் கப்பல். வரிசை எண்ணைத் தேடினேன். இல்லை. 'எம்' என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் இன்னோர் எழுத்தும்தான். "கள்ள நோட்டு பெரியம்மா" என்று தீர்ப்பளித்தேன்.

"எஸ்டேட்ல உங்க தாத்தாவுக்குச் சம்பளம்னு கொடுத்ததே இதைத்தான்டா!"

அவர் சொன்னதுதான் சரி. 1942-இல் முதலில் வந்தவற்றில் எண் இருந்தது. பிறகு ஜப்பானியர்கள் எண் போடுவதையே விட்டுவிட்டு அடித்துத் தள்ளினார்கள். எண்ணே இல்லையென்றால் எவ்வளவு அடித்தோம் என்று யார் கேட்கப் போகிறார்கள்? விலைவாசி எகிறியது, கடைசியில் ஆயிரம் டாலர் நோட்டே வந்தது. 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் எதுவும் செல்லாது என்றுவிட்டார்கள். தாத்தாவின் கட்டு பெட்டிக்குள் போனது அப்படித்தான்.

'எம்' என்றால் மலாயா என்று இதற்குள் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் சும்மா இருக்க முடியுமா? போனில் நண்பர் "என் நோட்டில் 'பி' இருக்கிறது" என்றார். பர்மா, ரங்கூன், ரூபாய் என்று பொழிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் பெசோ என்று போட்டிருக்கிறதே" என்றார். அது பிலிப்பைன்ஸின் 'பி'.

இதெல்லாம் வெறும் மானக்கேடு. பணநட்டம் அடுத்தது. பெரியம்மாவின் கட்டுக்கு அடியில் கசங்கிய ஒரு பத்து டாலரில் மட்டும் சிவப்பாக எண் இருந்தது. எனக்குத்தான் பாடம் புகட்டியாயிற்றே! அசலில் எண் இருக்காது. ஆகவே இது போலி. பழைய காசு விற்கும் கடையில் அதைக் கொடுத்து, மாட்டுவண்டிப் படம் போட்ட ஆயிரம் டாலர் நோட்டைக் கேட்டேன். கடைக்காரர் பேரமே பேசவில்லை. "எடுத்துக்கோங்க சார்" என்று உறைக்குள் போட்டு நீட்டினார், டீயும் வரவழைத்தார். அந்த டீயிலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எண் போட்ட ஆரம்ப நோட்டுகளுக்குத்தான் சேகரிப்பவர்கள் அலைகிறார்கள். மாட்டுவண்டி கொஞ்சக் காசுக்கே கிடைக்கும்.

மாட்டுவண்டியைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பெரியம்மா வந்து கேட்டபோது, "பத்து டாலரைக் கொடுத்து ஆயிரம் டாலர் வாங்கினேன்" என்றேன். கணக்கில் பொய் இல்லை.