பினாங்கு–கேமரன்: மூன்று பகல், இரண்டு இரவு, நாலு தலைமுறை

பள்ளி விடுமுறை விட்டுவிட்டால் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரையுள்ள அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடப்பதற்குள் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு ஒரு தூக்கம் முடிந்துவிடும். நடந்தே வந்துவிடலாம். ஆனால் இந்த மலையில் நடக்கிறவனுக்குத் தொழிலாளி என்று பெயர். உட்கார்ந்து சலித்துக்கொள்கிறவருக்குத்தான் சுற்றுப்பயணி என்று பெயர்.

இறங்கினால் சந்தை. ஸ்ட்ராபெரி, ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை, ஸ்ட்ராபெரி தொப்பி, ஸ்ட்ராபெரி படம் போட்ட குடை. நடுநடுவே அவித்த சோளம், குட்டிக் கள்ளிச்செடி, முட்டைக்கோஸ், தேன். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இங்கிலாந்து போல நடிக்கும் ஊர் இது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா வர விசா தேவையில்லை என்றானதிலிருந்து சென்னை, கோவைப் பயணிகளின் பஸ்களும் நிறைய வருகின்றன. எல்லாம் ஒரே அச்சு: முதலில் பினாங்குத் தீவு, பழைய வெள்ளைக்கார நகரம். பிறகு கேமரன் மலை, தேயிலைத் தோட்டம். கடைசியில் கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் கீழே குனிந்து நிமிர்ந்து ஒரு படம்.

சந்தையில் சோளம் விற்கும் அக்காவிடம் ஒருவர் விலை கேட்டார். அக்கா தமிழில் சொன்னார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அட, நீங்க நல்லா தமிழ் பேசுறீங்களே!"

"தமிழாளுங்கதானே ஐயா."

"சொந்த ஊரு எதும்மா?"

"தானா ராத்தா."

"அது இல்லம்மா. உண்மையான ஊரு?"

அக்கா சோளத்தைப் பையில் போட்டார். "அதுதான் ஐயா உண்மையான ஊரு. தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் லா."

அவர் ஏமாந்துபோனார். தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவருக்கு, அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவரின் பேத்தி எதிரே நின்று சோளம் விற்பது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இல்லை. மனைவியின் பக்கம் திரும்பி மலையைக் கைகாட்டி ஒரு வாக்கியம் சொன்னார். பினாங்கில் தொடங்கி இங்கே வரைக்கும் ஒவ்வொரு பஸ்ஸும் குறைந்தது ஒரு தடவையாவது சொல்லும் வாக்கியம்தான் அது: "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் போட்டது போட்டதுதான்!"

சரி, வெள்ளைக்காரன் என்ன போட்டான் என்று பார்த்துவிடுவோம்.

1786 ஆகஸ்ட்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். தீவுக்கு வேல்ஸ் இளவரசர் பெயர், ஊருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயர். கெடா சுல்தானிடம், பகைவர் வந்தால் கம்பெனி காப்பாற்றும் என்ற நம்பிக்கையைக் கொடுத்து வாங்கிய தீவு. கம்பெனி காப்பாற்றவில்லை. 1791இல் சுல்தான் தீவைத் திரும்பக் கேட்டுப் படை திரட்டியபோது லைட் முந்திக்கொண்டு அடித்தார். பிறகு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. இதைத் திருட்டு என்று சொன்னால் சுற்றுலாத் துறைக்கு வருத்தம். "நிறுவினார்" என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள்.

காட்டை வெட்ட ஆள் முனையாததால் லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுப் புதருக்குள் சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் காட்டை வெட்டிவிட்டார்களாம். வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை, பஸ் சிரிக்காத நாளுமில்லை. கூலியைக் கையில் கொடுக்காமல் புதருக்குள் எறிந்து தேடிப் பொறுக்கச் செய்கிறவனை நம் ஊரில் என்ன சொல்வோம்? இங்கே அவருக்குச் சிலை. அதுவும் 1936இல் சிலை வார்க்கும்போது மனிதரின் படம் ஒன்றுகூடக் கிடைக்காமல், மகன் வில்லியமின் முகத்தை ஒட்டிச் செய்துவிட்டார்கள். யாருடைய முகமோ, யாருடைய தீவோ, பெயர் மட்டும் லைட்டுடையது.

பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அமெரிக்காவில் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்து, அந்தத் தோல்விக்குப் பரிசாக இந்தியாவை ஆள அனுப்பப்பட்டவரின் பெயர். ஒரு போரையும் பார்க்காத கோட்டை. அதற்கும் நுழைவுச் சீட்டு உண்டு.

கொஞ்சம் தள்ளி வெள்ளை வெளேரென்று தூண்களோடு நிற்கிறது புனித ஜார்ஜ் தேவாலயம். 1818இல் கட்டி முடிந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். பினாங்கின் பழைய சாலைகளில் பலவும் அவர்கள் போட்டவைதான். தூணைத் தடவி "எவ்வளவு மழமழன்னு இருக்கு" என்று வியக்கிறார்களே, அந்த மழமழப்பைத் தேய்த்துக் கொண்டுவந்த கைகளில் எத்தனை தமிழ்க் கைகள், எத்தனை வங்காளிக் கைகள் என்று எந்தப் பலகையும் சொல்லாது. வெள்ளைக்காரன் போட்டது உத்தரவு. கல்லைப் போட்டவன் வேறு.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வருகிற பஸ்களுக்காகவாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பினாங்குக்கு ஆள்களைக் கூட்டமாக அனுப்பும் ஏற்பாடு உங்கள் ஊரில் 1802லேயே தொடங்கிவிட்டது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட சில மாதங்களில், எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி வேல்ஸ் இளவரசர் தீவுக்கு அனுப்பினார்கள். பயணச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. கைவிலங்கும் இலவசம். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, மீசை முளைக்காத பையன். 1818இல் கம்பெனிப் படையின் கர்னல் வெல்ஷ் பினாங்கு வந்தபோது ஒரு மனிதன் அவர் முன்னே வந்து நின்றான். உருக்குலைந்து முதுமை ஏறியிருந்த அந்த ஆளை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, துரைசாமி என்று. வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பையனின் அப்பா. வெல்ஷ் மிகவும் மனம் வருந்தியதாகத் தன் நூலில் எழுதியிருக்கிறார். வருந்தியதோடு சரி, கப்பலேறிப் போய்விட்டார்.

தேவாலயம் கட்டி முடிந்த அதே 1818. துரைசாமி அதைப் பார்த்திருப்பான். இந்த நகரத்தில் அவனுக்கு எங்கேயாவது ஒரு சிலை, ஒரு கல், சுவரில் ஓர் ஓவியமாவது உண்டா என்று வழிகாட்டியைக் கேட்டுப் பாருங்கள். ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளின் சுவரோவியத்துக்குக் கூட்டிப்போவார். வரிசை பெரிது, சீக்கிரம் வாருங்கள் என்பார்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பல இனங்கள் கலந்து வாழும் உயிருள்ள நகரம் என்பது பெருமை. உயிருள்ளவர்கள் என்ன ஆனார்கள்? 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீட்டு மாடியில் இருந்த தையல்காரரும் பூக்கட்டுபவரும் மூட்டை தூக்குபவரும் ஏறிய வாடகையைத் தாங்காமல் தீவின் மறுமுனைக்கும் அக்கரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். காலியான வீடுகளில் மரப்படியை மெருகேற்றி, பழைய தறி ஒன்றை அலங்காரத்துக்கு வைத்து, இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். மரபைக் காப்பாற்றியாகிவிட்டது, மனிதர்களால்தான் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது.

சென்னைப் பயணிகளிடம் எனக்கு இதிலே தனிக் கோபம் உண்டு. அவர்கள் ஊரிலும் ஒரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது. கறுப்பர் நகரம் என்றிருந்ததை ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய 1911இல் அப்படி மாற்றினார்கள். பாரிமுனையில் பஸ் மாறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்கள், அதே மாதிரிக் கடைவீட்டை, அதே மாதிரி உதிர்ந்த காரையை, பினாங்கில் குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். விமான டிக்கெட் வாங்கிவிட்டால் அழுக்கும் பாரம்பரியமாகிவிடுகிறது.

பினாங்கை ஒட்டி ஜெரெஜாக் என்ற சின்னத் தீவு இருக்கிறது. பாலத்தில் போகும்போது பச்சையாகத் தெரியும். பாலர் பாட்டுப் புத்தகத்தில் வரைந்த மாதிரி அழகு. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தட்டில் கிடந்து வந்த கூலிகளை இறக்கி, அம்மை இருக்கிறதா, காலரா இருக்கிறதா என்று நாள் கணக்கில் அடைத்துவைத்துப் பார்த்த இடம் அது. தொழுநோயாளிகளையும் அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே தீவில் ஸ்பாவோடு ஓய்வு விடுதி திறந்தார்கள். தாத்தாவை மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய தீவில் பேரன் காசு கொடுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டான். முன்னேற்றம் என்றால் இதுதான்.

அங்கிருந்து தோட்டங்களுக்கு. கூட்டிவந்த கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கங்காணியின் கடன் நோட்டு 1938 வரைக்கும் ஒழியவில்லை. அந்த நோட்டோடு மலையேறி வந்தவர்கள் உண்டாக்கியதுதான் நீங்கள் தேநீர் குடிக்கும் இந்தப் பச்சைப் படிக்கட்டு.

மலைக்கு 1885இல் வந்த வில்லியம் கேமரன் பெயர். மனிதர் வந்தார், பார்த்தார், வரைபடம் எழுதினார், அடுத்த ஆண்டே இறந்துபோனார். வரைபடமும் தொலைந்துபோயிற்று. அவருக்குக் காட்டில் வழிகாட்டிய குலோப் ரியாவ் பெயரில் மலை இல்லை. காலங்காலமாக இங்கேயே இருந்த செமாய் மக்களின் பெயரிலும் இல்லை. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பலகை எல்லாம் அவர் கண்ட கனவைச் சொல்கின்றன. கனவு கண்டவர் ஒருவர். காடு வெட்டி, சரிவில் கயிறு கட்டித் தொங்கி, கன்று நட்டவர்களைப் பலகை 'தொழிலாளர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஏறத்தாழ 50 காசு, பெண்ணுக்கு 40. அட்டை இருவரையும் சமமாகத்தான் கடித்தது.

தோட்டம் தொடங்கிய அதே ஆண்டில் உலகச் சந்தை விழுந்தது. மலாயாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளிகளைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவே 1937இல் கட்டிய ஓர் ஆங்கிலக் கிராமத்து விடுதி இருக்கிறது. கணப்பு அடுப்பு, ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம். அங்கே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் மலைக்கு வந்ததாகவே கணக்கில்லை. எங்கள் கோலாலம்பூர்த் தமிழர்களும் சளைத்தவர்கள் இல்லை. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்ற கிழவியின் பேரப்பிள்ளைகள் துரையின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் ஸ்கோன் தின்றால் பழி தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். துரை நாற்காலியை விட்டுத்தான் போனான். பில்லை யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1967இல் ஜிம் தாம்ப்சன் என்ற அமெரிக்கப் பட்டு வியாபாரி இங்கே மாலை நடைக்குப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி பழங்குடி வழிகாட்டிகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் காட்டைச் சல்லடை போட்டார்கள். இன்றைக்கும் அவர் பெயரில் மர்மக் கதை ஓடுகிறது. அவர் கிடைத்திருக்க வேண்டும், பாவம். ஆனால் இதே மலாயாவில் மலேரியாவிலும், இங்கிருந்து கொண்டுபோன சயாம் மரண ரயில்பாதையிலும் காணாமல் போன நம்மவர்களில் ஒருவரைத் தேடி ஒரு நாயாவது அவிழ்த்து விடப்பட்டதா? காணாமல் போவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

இப்போது கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும். கையில் கூடை இல்லை, இயந்திரம். பஸ் ஏமாந்து முணுமுணுக்கிறது: "சேலை கட்டின பொம்பளைங்க யாருமே இல்லையே!" அந்தப் பெண்களின் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேறி ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் லாரி ஓட்டுகிறார்கள், காவல் வேலை பார்க்கிறார்கள். மலாயாவிலேயே பிறந்தும் பதிவுச் சீட்டு கிடைக்காமல் சாகும் வரை, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த கிழவர்கள் எங்கள் தோட்டங்களில் உண்டு. சுற்றிப் பார்க்க வருபவருக்கு விசா வேண்டாம். நாட்டை உண்டாக்கியவர் பாட்டனின் பிறப்புப் பத்திரம் கொண்டுவர வேண்டும்.

பாரம்பரியச் சுற்றுலாவை நான் எதிர்க்கவில்லை. அரைகுறையாக நடத்துகிறார்களே என்பதுதான் வருத்தம். முழுதாக நடத்த ஒரு திட்டம் தயாராக இருக்கிறது, சுற்றுலா அமைச்சு இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நாள்: கூலிகள் வந்த ரஜுலா கப்பலின் மேல்தட்டு அனுபவம், படுக்கை இல்லை, வாந்தி எடுக்க வாளி உண்டு. பினாங்கு கண்ணில் பட்டதும் நேரே ஜெரெஜாக் தீவில் தங்கல். துணியை அவித்துத் தருவார்கள், உடம்பில் மருந்து தெளிப்பார்கள், கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொள்வார்கள். வாசித்துக் காட்டும் வழக்கம் இல்லை. இரண்டாம் நாள்: லாரியில் மலையேற்றம். கங்காணி தலை எண்ணுவார்; அவருக்குச் சேர வேண்டியது உங்கள் கணக்கில் ஏறும். இரவு லயத்தில் ஓர் அறை, அடுத்த குடும்பத்தோடு. மூன்றாம் நாள்: விடியுமுன் பெரட்டு. கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. சாயங்காலம் தோட்டத்துக் கள்ளுக்கடை. செலவு சம்பளத்தில் பிடித்தம். துரை பங்களாவைத் தூரத்தில் நின்று பார்க்கலாம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. விரும்புவோருக்குக் கூடுதல் கட்டணத்தில் சிவப்பு அட்டை அனுபவம்: பதிவு இலாகா முகப்பில் வரிசை எண், நாளைக்கு வா என்ற பதில், மறுநாளும் அதே பதில்.

திரும்பும் டிக்கெட் இந்தக் கட்டணத்தில் சேராது. தேயிலை விலை சரியும்போது நிர்வாகமே இலவசமாக ஏற்றி அனுப்பும்.