பதுளையில் ஒரு லண்டன்காரர்

பைக் அண்ணன் லண்டனுக்குப் போனதில்லை. ஆனால் 2009 ஜனவரியில் அங்கே பிரதான வீதிகளின் பஸ் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளைப் பரீட்சார்த்தமாக விட்டதும், 2012 இல் அதை நிரந்தரமாக்கியதும் மகளின் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம்.

"வெள்ளக்காரனே வுட்டுட்டான் தம்பி. பஸ்ஸு, சைக்கிளு, பைக்கு மூணும் ஒரே லேன்ல போகுது. நம்மாளுக்குத்தான் மண்டையில ஏறல."

பதுளையில் பஸ் ஒழுங்கை பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. பசறை ரோட்டு வளைவில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றுதான் மற்றதை விடும். கோடு கீற இடமேது? சைக்கிள்காரனும் ஏற்றத்தில் உருட்டிக்கொண்டுதான் போகிறான்.

அதனால் அண்ணன் தனக்கென்று ஒரு ஒழுங்கையைக் கண்டுபிடித்துவிட்டார்: பஸ்ஸுக்கும் கானுக்கும் நடுவில் இருக்கிற சந்து. பஸ் நிற்கப்போவது டிரைவருக்கு முன்பே அவருக்குத் தெரியும். கொண்டக்டர் தகரத்தைத் தட்ட, இவர் கியரை மாற்றுவார். வலப்பக்கம் வெறிச்சென்று கிடந்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டார். முன்சில்லு நேராக மிதிபலகைக்குக் கீழே வந்து நிற்கும். இறங்க வைத்த கால் அந்தரத்தில் நிற்கும். ஹோர்ன் இரண்டு தரம் அடிப்பார். முதலாவது 'வர்றேன்', இரண்டாவது 'ஏன் எறங்குற'. பிறகு முழங்காலை ஒடுக்கி, கண்ணாடியை மடக்கி, வயிற்றை எக்கி (அது எக்காது) நுழைந்துவிடுவார். திட்டினால் ஹெல்மெட்டுக்குள் சிரிப்பு. "நாளைக்கு லேன் வரும், இப்பவே பழகிக்கங்க."

கொழும்பைச் சொல்லி மடக்கப் பார்த்தேன். 2020 செப்டெம்பரில் பைக்கையும் ஆட்டோவையும் பஸ் ஒழுங்கைக்குள் போகச்சொன்ன பொலிஸாரே அதே மாதம் வெளியே வரச்சொன்னார்களே என்றேன்.

"மொதல்ல உள்ள வுட்டாங்களா இல்லையா? அதச் சொல்லு."

நல்ல மனுஷன்தான். கடைசி பஸ்ஸை விட்டவர்களை லயத்து வாசல்வரை கொண்டுவந்து இறக்குவார். 2022 இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பைக்குக்கு வாரம் 4 லீற்றர் என்றிருந்தபோதும் ஏற்றினார். காசு நீட்டினால் கோபம் வரும்.

ஆனாலும் அண்ணே, லண்டன் பஸ்ஸுக்கும் கதவு இடப்பக்கம்தான். ஒழுங்கைக்குள் விட்டான் என்றால் கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவில் விட்டான் என்று அர்த்தமில்லை. நின்ற பஸ்ஸை வலப்பக்கமாகச் சுற்றித்தான் அங்கேயும் போகவேண்டும். இங்கே நடைபாதையே கிடையாது. சம்பள நாளில் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிற கொழுந்தெடுக்கும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கால் ஊன்றுவது நீங்கள் வருகிற அந்த இரண்டடியில்தான். வேறு இடமில்லை. பயந்து பின்வாங்கினால் பஸ்ஸுக்கடியில், முன்னால் போனால் கானுக்குள்.

எங்கள் அம்மாவும் அந்த பஸ்ஸில்தான் வருகிறார். கைப்பையில் தேங்காய் இருக்கும். கண்ணாடி உடைந்தால் என்னிடம் வராதீர்கள்.