மியூனிக்கில் வீடுபேறு: ஒரு சொல்லாராய்ச்சி

வீடு என்னும் சொல் ‘விடு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டையில்லை. சண்டை அடுத்த படியில்தான். அறம், பொருள், இன்பத்துக்குப் பின் வரும் வீடும், மாதம் பிறந்தால் வாடகை கேட்கும் வீடும் ஒன்றா, வேறா? வேலையை விட்டு வந்து தங்கும் இடமாதலால் வீடு என்று உரை சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு, பொருந்தாது. இரண்டும் ஒன்றே. அதற்கான சான்று தமிழ்நாட்டில் கிடைக்காது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் வாடகை வீடு தேடும் வெளிநாட்டவரிடம் கிடைக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இடத்தேர்வு தற்செயலானதன்று. 1158-இல் ஏடேறிய அந்நகரின் பெயர் துறவிகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நகரச் சின்னத்தில் இன்றும் ஒரு துறவி நிற்கிறார்.

முதற்சான்று அடுப்படி. ஜெர்மானியர் ‘இரண்டறை வீடு’ என்று விளம்பரம் செய்தால் ஒரு கூடம், ஒரு படுக்கையறை என்று கொள்க. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வாரா. கணக்கில் வாராத சமையலறை பல வீடுகளில் கண்ணிலும் படாது. அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகைக் குடித்தனக்காரர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. ஆகவே அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் குடியிருப்பவர் தம் காசில் வாங்கிப் பொருத்தியவையாக இருக்கும். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகிறார். விளக்கையும் விடுவதில்லை. சுவரில் ஒரு குழாய்முனை, கூரையில் தொங்கும் இரண்டு மூன்று கம்பி, வெள்ளைச் சுவர் நான்கு: போனவர் விட்டது எதுவோ அதுவே வீடு. இதைவிடத் தெளிவான சொற்பிறப்பு விளக்கத்தை எந்த அகராதியும் தந்ததில்லை. அடுப்படியை அப்படியே விட்டுவைத்து, புதிதாக வருபவரிடம் விலை பேசுவோரும் உண்டே என்பர் மறுப்பாளர். அந்தத் தொகைக்கு அங்கே ‘அப்லோசெ’ என்று பெயர். கழற்றுதல், விடுவித்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். மறுப்பு நம் பக்கமே சேர்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஷூஃபாவைப் பற்றியது. மின்சாதனங்களைத் தவணையில் விற்பதற்குத் துணையாக 1927-இல் பெர்லினில் தொடங்கிய அந்நிறுவனம், இன்று நாட்டிலுள்ளோரின் கடன் ஒழுக்கத்தை எழுதி வைக்கிறது. நம் சித்திரகுப்தன் செய்வது போல, ஆனால் கணினியில். வீட்டுக்காரர் அதன் சான்றையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கேட்பது வழக்கம். நேற்று விமானத்திலிருந்து இறங்கியவரின் ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. வினையே இல்லாதவருக்கு வீடு உடனே கிட்டியிருக்க வேண்டும், கிட்டுவதோ கைவிரிப்பு. எனவே இரண்டு வீடும் வேறு வேறு என்பது வாதம். சித்தாந்தம் படிக்காததால் வரும் பிழை இது. வினை இல்லாமை அன்று, நல்வினையும் தீவினையும் நிகராக நிற்கும் இருவினையொப்பே வீடுபேற்றுக்கு முற்படியாகச் சொல்லப்படுவது. ஷூஃபா எதிர்பார்ப்பதும் அதுவே: வாங்கியதும் இருக்க வேண்டும், கட்டியதும் இருக்க வேண்டும். கடனே வாங்காத உத்தமர் அதன் பார்வையில் பக்குவப்படாத ஆன்மா. அவர் பொது அறைகளிலும் நண்பர் வீட்டுச் சோபாக்களிலும் சில பிறவி கழித்துவிட்டு வரட்டும்.

முன்பணத்தைப் பற்றிய மறுப்பை விரைவில் முடித்துவிடலாம். சட்டப்படி அது வெப்பச் செலவு முதலியன சேராத ‘குளிர் வாடகை’யில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது, மூன்று தவணையில் கட்டலாம், வட்டியும் பொதுவாகக் குடியிருப்பவருக்கே. திரும்பி வரும் பணம் எப்படித் துறவாகும்? போகும் நாளில் சுவரிலுள்ள ஆணித்துளைகளை எண்ணும் காட்சியை அறிந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

எஞ்சுவது ஒரே சிக்கல். வீடுபேற்றில் பெயரும் வடிவும் அழிய வேண்டும். மியூனிக்கிலோ பெயர் இல்லாமல் எதுவும் நடக்காது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் ஒப்பமிட்ட சான்று வேண்டும். 2015 நவம்பர் முதல் இது விதி. பதிந்தபின் வரி எண் தபாலில் வரும். அடுக்குமாடிகளின் முகவரியில் பெரும்பாலும் கதவு எண் இராது. அழைப்பு மணியிலும் தபால்பெட்டியிலும் ஒட்டிய குடும்பப்பெயரே முகவரி. அது இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பும். இங்கே நம் கொள்கை தோற்றது என்று முடிவு கட்டுமுன், குடியேறியவர் தமிழராக இருந்தால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். குடும்பப்பெயர் இல்லாத அவருடைய கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பியிருப்பது பெரும்பாலும் தந்தை பெயர். மணியில் ஒட்டப்படுவதும் அதுவே. வாடகை கட்டுபவரின் பெயர் அந்தக் கட்டடத்தில் எங்கும் இல்லை; தபால்காரர் நாள்தோறும் அவருடைய அப்பாவைத் தேடித்தான் வருகிறார்.