கைபேசிக் காசிலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலைத் தொடக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆகவே முதலில் அது. நூலின் பெயர் கைபேசிக் காசிலக்கணம். எல்லை: வடக்கே பெட்டிக்கடை, தெற்கே பெட்ரோல் பங்க். இது வழிநூல், இதன் முதல்நூல் 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் அரங்கேறிய யுபிஐ. யாத்தது என்பிசிஐ எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகம். அரங்கேற்றியவர் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன். அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாக்காசான பிறகு மாணாக்கர் சேர்க்கை சூடு பிடித்தது. ஆசைப்பட்டு வந்தவர் சிலர். ஏடிஎம் வாசலில் கால் கடுத்து வந்தவர் பலர். 2025 ஆகஸ்டில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன. கேட்போர்: சட்டைப் பையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பும் அனைவரும். பயன் புறனடையில் சொல்லப்படும், பொறுக்க.

1. கட்டவியல்

ஒட்டிய கட்டம், தொங்கிய கட்டம்,
ஒளித்த கட்டம், திரைமேல் கட்டம்
எனநால் வகைத்தே கடைமுகக் கட்டம்.

உரை: கடைக்காரர் ‘ஸ்கேனர்’ என்று சொல்லும் க்யூஆர் அட்டையை நூல் கட்டம் என்றது. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரி பாகங்களை அடையாளம் காண இதை உருவாக்கியது. தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் படும் என்று தெரிந்தே செய்தார்கள். உச்சபட்சத் திருத்த வசதியோடு அச்சிட்டால் 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படிக்கலாம். பஜ்ஜி வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய கட்டம், எண்ணெய்ப் பிசுக்கும் நடுவில் ஒரு கீறலுமாக இருந்தும், காட்டிய மாத்திரத்தில் ‘டிங்’ என்கிறதே, அதற்கு அந்த ஜப்பானிய முன்யோசனைதான் காரணம்.

தொங்கிய கட்டம் கழுத்துக்கு உரியது. பார்க்கிங் டோக்கன் கிழிப்பவர், பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுபவர் ஆகியோர் அணிவர். ஒளித்த கட்டம், “கேஷ் இல்லையா சார்?” என்று இரண்டு தடவை கேட்ட பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து வெளிவரும். அது ஏன் ஒளிந்தது என்பது இடவியலில் விளங்கும். திரைமேல் கட்டம் ஆட்டோவுக்கு உரியது. ஓட்டுநர் விரிசல் விழுந்த தம் கைபேசியைப் பின்பக்கம் நீட்டுவார். “பேரு லட்சுமின்னு வருதுங்களா? நம்ம வீட்டம்மாதான், போடுங்க” என்பார். வண்டி ஓட்டுபவர் ஒருவர், வரவு வைப்பவர் மற்றொருவர். இந்த ஏற்பாட்டால் வாடகைப் பணம் வழியில் எங்கும் நிற்காமல் நேரே வீடு போய்ச் சேரும் என்பது சில இல்லத்தரசிகள் கண்டறிந்த நுட்பம்.

2. வினையியல்

முற்றும் எச்சமும் கெடுதலும் எனவே
பச்சை மஞ்சள் சிவப்பொடு வருமே.

உரை: பச்சை டிக் வந்தால் முற்று. ஆனால் கொடுத்தவருக்கு முற்றிய வினை வாங்கியவருக்கும் முற்றியாக வேண்டும். அதை நிறுவும் முறை மூன்று: காட்டல், ஒலித்தல், நம்பல். காட்டல் என்பது திரையைத் திருப்பிக் காட்டுதல். பச்சை டிக்கைப் போலவே படம் காட்டும் போலிச் செயலிகள் முளைத்தபின் அதற்கு மதிப்பு போயிற்று. ஆகவே ஒலித்தல் வந்தது. மருந்துக் கடையில் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பெட்டி, “ஐந்நூற்று எண்பது ரூபாய் பெறப்பட்டது” என்று வரிசையில் நிற்கும் ஆறு பேருக்கும் அறிவிக்கும். ஆறு பேரும் உங்களைத் திரும்பிப் பார்த்து, என்ன நோயோ என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் போடுவார்கள். நம்பல் என்பது பத்து வருஷ வாடிக்கையாளரிடம் அண்ணாச்சி தலைநிமிராமலே “சரி, சரி” என்பது. மூன்றில் இதுவே உயர்ந்தது. எந்தச் செயலியிலும் கிடைக்காது.

எச்சம் என்பது மஞ்சள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். “போயிருச்சுண்ணே.” “எனக்கு வரலையே தம்பி.” பார்சல் கடைக்காரர் கையிலும் இல்லை, வாங்கியவர் கையிலும் இல்லை, இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி நிற்பார்கள். கெடுதல் என்பது கணக்கில் பணம் கழிந்து, கடையில் சேராமல் போவது. இதற்கு விதி உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்தபடி, ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பியது சேரவில்லையென்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடையில் கொடுத்து உறுதியாகாமல் போனால் ஐந்து நாளுக்குள். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தரவேண்டும். விதி இருக்கிறது, கேட்டு வாங்கினவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இருப்புப் பார்த்தல் என்ற வினை தனி. 2025 ஆகஸ்ட் முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் பார்க்கக்கூடாது என்று என்பிசிஐ வரையறுத்தது. கணினிகளின் பாரம் குறைய என்று காரணம் சொல்லப்பட்டது. மாதம் 28ஆம் தேதிக்குமேல் எத்தனை முறை பார்த்தாலும் தொகை கூடாது என்பது உரையாசிரியர் கருத்து.

3. செலவியல்

மாற்றத் தயங்கும் நோட்டுப் போயபின்
ஆற்றின் அளவும் அளந்திடல் அரிதே.

உரை: முன்பு 500 ரூபாய்த் தாளை மாற்றினால் காலியாகிவிடும் என்ற பயத்திலேயே பலர் டீ குடிக்காமல் வீடு வந்தார்கள். அந்தத் தயக்கம் நாட்டின் பெரிய சேமிப்புத் திட்டமாக இருந்தது. கைபேசியில் தாளும் இல்லை, மாற்றுதலும் இல்லை.

வரவும் உண்டு. சில்லறைக்குப் பதில் ஹால்ஸ் மிட்டாய் வாங்கிய காலம் முடிந்தது. டிக்கெட்டின் முதுகில் கண்டக்டர் பாக்கியை எழுதித் தர, இறங்குகிற அவசரத்தில் அதை மறந்து, பஸ் போனபின் நினைவு வந்து வயிறெரிந்த காலமும் பெரும்பாலும் முடிந்தது. 10 ரூபாய் நாணயம் 14 வடிவங்களிலும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி சொல்லியும், வாங்க மாட்டேன் என்று நின்ற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த வழக்கை எந்தக் கோர்ட்டுக்கும் போகாமல் கைபேசி தீர்த்து வைத்தது.

செலவானது வேறொருவருக்கு. ஓட்டலில் பில்லோடு சோம்பு வைத்த தட்டு வரும். மிச்சச் சில்லறையில் ஐந்தோ பத்தோ அதில் விட்டு எழுவோம். இப்போது பில் தொகை பைசா சுத்தமாக முதலாளி கணக்குக்குப் போகிறது. தட்டில் சோம்பு மட்டும் திரும்புகிறது. பரிமாறியவருக்கு இழப்பு எவ்வளவு என்று எந்தக் கணக்கிலும் வராது. ஏனெனில் வந்ததும் எந்தக் கணக்கிலும் இருந்ததில்லை.

4. இடவியல்

தன்மை முன்னிலை தாமிரண் டாகப்
பண்டைக் காசு கைமா றியதே;
படர்க்கை இடைபுகப் பயில்வது புதிதே.

உரை: நூலின் உயிர்நிலை இந்தச் சூத்திரம். ரொக்கம் கொடுத்தால் கொடுத்தவன் தன்மை, வாங்கியவன் முன்னிலை; அதோடு வாக்கியம் முடிந்தது. கைபேசியில் கொடுத்தால், இருவர் பேச்சில் இல்லாத ஒருவர் உடன் நின்று, யார் யாருக்கு எப்போது எவ்வளவு என்று எழுதிக்கொள்கிறார். அவரே படர்க்கை. அவர் ஐவகையர்.

நிறுவனப் படர்க்கை. 2020 ஜனவரி முதல் யுபிஐ-க்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. சிறு வணிகரிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையான பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க 2024-25க்கு மத்திய அரசு சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது போக மீதிக்குச் செயலிகள் எதைத் தின்று வாழ்கின்றன? ஒலிப்பெட்டி வாடகை, ரீசார்ஜ் கட்டணம், காப்பீடு, விளம்பரம், கடன். காய்கறிக்குப் பணம் அனுப்பி முடித்த கையோடு “உங்களுக்கு 2 லட்சம் ரூபாய்க் கடன் தயார்” என்று வருகிறதே, உங்கள் வரவுசெலவை யாரோ படித்திருக்கிறார்கள். துணிக்கடையில் பில் போடும்முன் “போன் நம்பர் சொல்லுங்க” என்பதும் இந்த வகையே. நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக்கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று இணைய விற்பனைச் சூழ்ச்சிகளை அரசே 13 வகையாகப் பிரித்து வெளியிட்டது: நாம் போடாத பொருளைக் கூடையில் சேர்ப்பது, ‘இன்னும் 2 நிமிடமே’ என்று விரட்டுவது, சந்தாவில் நுழையவிட்டு வெளியேற வாசல் வைக்காதது முதலியன. வகைப்படுத்தும் கலையில் அரசு எமக்கு மூத்தோர் என்று வணங்குகிறோம்.

அரசுப் படர்க்கை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, பெங்களூரில் பேக்கரி, டீக்கடை போன்ற சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஜிஎஸ்டியில் பதிய, பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை வரம்பு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற காகிதங்கள் கடை முகப்பில் ஏறின. கட்டம் கல்லாவுக்கு அடியில் ஒளிந்த காரணம் இப்போது விளங்கியிருக்கும். இதே படர்க்கையால் நன்மையும் உண்டு. 2020இல் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் தள்ளுவண்டிக்காரர் ஈடு காட்டாமல் முதல் தவணை 10,000 ரூபாய் பெற முடிந்தது; கைபேசியில் வரவு காட்டினால் கேஷ்பேக்கும் கிடைத்தது. ஏட்டில் பெயர் ஏறினால் கடனும் வரும், நோட்டீசும் வரும்.

முதலாளிப் படர்க்கை. டீ மாஸ்டர் கல்லாவில் நிற்கிறார்; பணம் விழுந்த செய்தி பக்கத்து ஊரில் இருக்கும் முதலாளி கைபேசிக்குப் போகிறது. “பதினொண்ணு முதல் பன்னிரண்டு வரை ஒண்ணும் வரலையே, கடையைச் சாத்திட்டுப் போயிட்டியா?” என்று போன் வரும். கூலி கணக்கில் விழும்போது படர்க்கை இன்னும் நெருங்கும். கையில் வாங்கிய கூலியில் அரிசி முதலில், கடன்காரர் பிறகு. கணக்கில் வந்த கூலியில் ஐந்தாம் தேதி காலை தவணை தானாகக் கழியும்; அரிசி பிறகு.

குடும்பப் படர்க்கை. கல்லூரி மாணவன் அப்பாவின் கணக்கில் பிரியாணி தின்றால், குறுஞ்செய்தி அப்பாவுக்கு வரும். “ராத்திரி பதினோரு மணிக்கு எங்கடா இருந்தே?” 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் இந்த உறவைச் சட்டமாக்கிற்று: கணக்குக்காரர் இன்னொருவருக்கு மாதம் 15,000 ரூபாய் வரை செலவழிக்க அனுமதி தரலாம்.

கள்ளப் படர்க்கை. 2025 ஜனவரியில் கஜுராஹோவில் இரவோடு இரவாகக் கடைகளின் கட்டத்தின்மேல் தங்கள் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். காலை வியாபாரம் கள்ளர் கணக்கில் விழுந்தது. “உங்களுக்குப் பணம் வருது, பின் நம்பர் போடுங்க” என்பது மற்றொரு வகை. பணம் வாங்க ஒருபோதும் பின் தேவையில்லை என்பதை மனப்பாடம் செய்க. ஏமாந்துவிட்டால் உடனே 1930ஐ அழைக்க.

வழுவும் ஒன்று உண்டு. ஒரு பெண், கடைக்காரரின் எண்ணுக்குப் பணம் அனுப்புகிறார். அந்தப் பெண்ணின் எண்ணும் அங்கே தெரிந்துவிடுகிறது. இரவு ஒன்பதரைக்கு “ஹாய் சிஸ்டர்” வருகிறது. முன்னிலையில் நிற்க வேண்டியவர் படர்க்கையாகத் திரிந்த இதனை இடவழு என்க. எண் இல்லாத யுபிஐ முகவரி வைத்துக்கொள்வது இதற்கு ஒரு காப்பு.

அஃதேல், அண்ணாச்சிக் கடை நோட்டும் கல்யாண வீட்டு மொய் நோட்டும் படர்க்கை எழுதியவைதாமே? மொய் எழுதுபவர் 101 ரூபாயை மைக்கிலேயே சொன்னாரே? 2021 ஜனவரியில் மதுரையில் கல்யாணப் பத்திரிகையிலேயே கட்டம் அச்சிட்டு மொய் வாங்கினார்களே, இரண்டும் ஒன்றுதானே எனின், அன்று. மொய் எழுதியவர் வீடு நமக்குத் தெரியும். 501ஐ 101 என்று எழுதினால் பந்தலிலேயே சண்டை போடலாம். நோட்டை வாங்கிப் புரட்டலாம். அண்ணாச்சி கணக்குத் தப்பென்றால் அவர் எதிரிலேயே அடித்துத் திருத்துவார். கைபேசிப் படர்க்கையின் நோட்டு எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது, யாரிடம் காட்டினார்கள் என்று கேட்டால் “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” என்று பாட்டுப் போடுகிறார்கள். எழுதுவது குற்றமில்லை. எழுதியதை எழுதப்பட்டவனுக்குக் காட்டாததே குற்றம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. நோட்டைக் கேட்கும் உரிமையை அச்சட்டம் ஏட்டில் தந்திருக்கிறது. மொய் வீட்டில் அதற்கு ஒரு குரல் போதுமாயிருந்தது.

5. ஒழிபியல்

சொல்லாமல் விட்டவை சில. அறிமுகமில்லாதவருக்குப் பெருந்தொகை அனுப்பும்முன் ஒரு ரூபாய் அனுப்பி “வந்துச்சா?” என்று கேட்பது வெள்ளோட்டம். கடைப் பெயர் ஒன்று, திரையில் வரும் பெயர் வேறு என்பது பெயர்மயக்கம், கேட்டுவிட்டு அனுப்புக. “தப்பா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க” என்று அந்நியர் அழைத்தால், முதலில் கணக்கில் உண்மையிலேயே பணம் வந்திருக்கிறதா என்று பார்க்க. சார்ஜ் தீர்ந்து வாடியவனுக்கு 2,000 ரூபாய் ரொக்கம் வைத்திருக்கும் நண்பனே தெய்வம்.

புறனடை

சொன்னவை அல்ல பிறவரின் அவற்றை
மூன்றாம் ஆளெவன் எனவினாய் அறிக.

உரை: நாளை குரலால் கொடுக்கும் காசு வரலாம், கண்ணாடியால் கொடுக்கும் காசு வரலாம். அவற்றைக் கட்டவியலில் வைப்பதா வினையியலில் வைப்பதா என்று மயங்க வேண்டாம். இதில் மூன்றாவது ஆள் யார், அவர் என்ன எழுதுகிறார், அதை எனக்குக் காட்டுவாரா என்ற மூன்றையும் கேட்க. விடை கிடைத்தால் நல்ல கருவி, தாராளமாகப் பயன்படுத்துக. கிடைக்காவிட்டாலும் நாம் பயன்படுத்தத்தான் போகிறோம், டீக்கு நேரமாகிறது. ஆனால் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே பயன்படுத்துபவன் வாடிக்கையாளன். கேட்காமல் பயன்படுத்துபவன் சரக்கு. இந்த வேறுபாட்டை அறிவதே இந்நூற் பயன் என்க.